வியர்வைக் கணக்கு



சென்ற மாதம் எமது வானொலியில் வியர்வையைப் பற்றி நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்காத சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்து, இந்த மெல்பேர்ண் நகரில் பிறருடைய கணக்குகளைப் பார்த்துப் பிழைப்பவன். ஆனால் இது ஒரு கணக்குப் பிழையைப் பற்றிய கதை என்பதால், கதைக்க எனக்கும் கொஞ்சம் உரித்து உண்டு என்று நினைக்கிறேன்.

விசயம் தொடங்கியது எங்கள் அத்தானில். அறுபதைக் கடந்தவர். சீனி வருத்தம் உண்டு, பிறசருக்கும் குளிசை எடுக்கிறார். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு ஜனவரி மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, கராஜுக்குள் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்ரிக் உடுப்பொன்றைப் போட்டுக்கொண்டு நடை இயந்திரத்தில் ஏறி நின்றார். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான இலாஸ்ரிக். இடுப்பில் தடித்த கறுப்புப் பட்டி ஒன்று.

"என்ன அத்தான் இது, சந்திரனுக்குப் போறியளோ?" என்று கேட்டேன்.

"பகிடி விடாதை தம்பி. ஒரு மணித்தியாலத்திலை ஒண்டரைக் கிலோ போகுது. வேணுமெண்டால் தராசிலை பார்."

பார்த்தேன். உண்மையாகவே ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. தராசு பொய் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை, வெளியில் 38 பாகை வெயில் அடித்த ஒரு நாளில், அவர் அதே கராஜுக்குள் விழுந்துவிட்டார். அக்கா சத்தம் கேட்டு ஓடியிருக்கிறா. அம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். தராசைப் பார்த்த அன்றைக்கே நான் வாய் திறந்திருக்கலாம் என்பது இன்றைக்கும் மனதுக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்த வியர்வை வியாபாரம் எங்கே தொடங்கியது என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

தேடிக்கொண்டு போனால் 400 வருசத்துக்கு மேல் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

இத்தாலியின் பாதுவா நகரில் சந்தோரியோ என்றொரு வைத்தியப் பேராசிரியர் இருந்தார். 1561இல் பிறந்து 1636இல் இறந்தவர். அவர் ஒரு பெரிய தராசுக் கோலில் கதிரை ஒன்றைத் தொங்கவிட்டு, அதிலே தானே உட்கார்ந்து, உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் நிறுத்து எழுதி வந்தார். ஏறக்குறைய முப்பது வருசம் இதைச் செய்தார் என்று சொல்கிறார்கள். எங்கள் தொழிலிலே இப்படி ஒரு பொறுமையான எழுதுவினைஞரை நான் கண்டதில்லை. ஒரு நாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உள்ளே போனால், அதில் ஐந்து இறாத்தல் கண்ணுக்குத் தெரியாமல் தோலாலும் மூச்சாலும் வெளியேறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. 1614இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

சந்தோரியோ எதையும் விற்கவில்லை. ஆனால் ஒரு பேரேட்டில் இரண்டு வேறு செலவுகளை ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிட்டார். தோலால் போவதையும் மூச்சால் போவதையும் அவரால் பிரித்துக் காட்ட முடியவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வழியும் இருக்கவில்லை.

அதைப் பிரிக்க முயன்றவர் பிரான்சின் இரசாயன அறிஞர் லவோசியே. அவருடைய பிழைப்பு வரி வசூல். அரசனுக்கு வரி திரட்டிக் கொடுக்கும் கொம்பனியில் பங்காளராக இருந்தார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரிசமமாக வரவேண்டும் என்ற ஐந்தொகைப் புத்தியோடுதான் அவர் இரசாயனத்தையும் பார்த்தார். மூச்சு விடுவது என்பது மெதுவாக எரிவதுதான், விறகு எரிவது போலவே உடம்பும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது என்று காட்டியவர் அவர்.

1790 அளவில் அவரும் செகாங் என்ற உதவியாளரும் ஒரு வேலை செய்தார்கள். பட்டுத்துணியில் றப்பர்ப் பசை பூசி, காற்றோ நீராவியோ போகாத பை ஒன்றைத் தைத்து, அதற்குள் செகாங் புகுந்துகொண்டார். வாய்க்கு மட்டும் ஒரு துளை. அதன் ஓரத்தை வாயைச் சுற்றிப் பசையால் ஒட்டிக்கொண்டார்கள். தோலால் வந்த நீர் பைக்குள்ளேயே நிற்கும். மூச்சால் போனது மட்டும் வெளியே போகும். பையோடு நிறுத்தால் மூச்சுச் செலவு தெரியும், பை இல்லாமல் நிறுத்தால் இரண்டும் சேர்ந்து தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வியர்வைச் செலவு வரும். அத்தான் கராஜுக்குள் போட்டிருந்த உடுப்பின் பாட்டன் இதுதான். ஆனால் இது மெலிவதற்காகத் தைத்ததல்ல. வியர்வை வேறு, எரிவது வேறு என்று காட்டத் தைத்தது. வேலை முழுமையாக முடியுமுன் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. வரி வசூலித்த குற்றத்துக்காக 1794 மே 8ஆம் திகதி லவோசியேயின் தலையை வெட்டினார்கள்.

இதற்குச் சற்று முன்னர் இலண்டனில் இன்னொரு சோதனை நடந்தது. சார்ள்ஸ் பிளாக்டன் என்ற வைத்தியர், அறை ஒன்றை அடுப்பால் சூடாக்கி அதற்குள் நண்பர்களோடு போய் நின்றார். அந்த நண்பர்களில் ஒருவர் ஜோசப் பாங்ஸ். 1770இல் கப்டன் குக்கோடு சிட்னிக்குப் பக்கத்தில் பொட்டனி குடாவில் இறங்கினாரே, அதே பாங்ஸ்தான். அறையின் சூடு 120 பாகை செல்சியசையும் தாண்டியது. உள்ளே வைத்த முட்டை அவிந்தது, இறைச்சித் துண்டு வெந்தது. கூடையில் வைத்துக் கொண்டுபோன நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பிளாக்டன் எட்டு நிமிடமளவில் நின்றுவிட்டு நடந்து வெளியே வந்தார். 1775இல் இதை இலண்டன் றோயல் சொசைற்றியின் ஏட்டில் எழுதினார்.

பலரும் முட்டையையும் இறைச்சியையும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதே அறையில் வைத்த தண்ணீர்ப் பாத்திரம். திறந்து வைத்த தண்ணீர் அந்தச் சூட்டிலும் கொதிக்கவில்லை. மேற்பரப்பில் ஆவியாகிக்கொண்டே தன்னைத் தானே ஆற்றிக்கொண்டது. தண்ணீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஆவி போகாமல் மூடியதும் கொதித்தது. வியர்வை இருக்கும் காரணம் இந்த ஒரு பாத்திரத்துக்குள் இருக்கிறது. வியர்வை வடிவதால் உடம்பு ஆறுவதில்லை, அது ஆவியாகிப் போவதால்தான் ஆறுகிறது. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நிலத்தில் சொட்டும் வியர்வை அப்படி எதையும் எடுத்துப் போவதில்லை.

விளம்பரக்காரர் சிலர் இந்த 580ஐப் பிடித்துக்கொண்டு, ஒரு லீற்றர் வியர்த்தால் 580 கலோரி "எரிந்தது" என்று சொல்வதுண்டு. இது வருமானத்தையும் செலவையும் மாற்றி எழுதுகிற வேலை. தசை வேலை செய்யும்போது எரிக்கிற சக்தியில் நான்கில் ஒரு பங்களவுதான் அசைவாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோகும் கூலிதான் வியர்வை. கூலி கூடினால் உற்பத்தி கூடியது என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டான்.

இனி இன்றைய களிம்புகளைப் பாருங்கள். வயிற்றில் பூசினால் வியர்வை பெருகும் என்று விற்கிறவற்றில் பலவற்றின் பெரும்பங்கு பெற்றோலிய ஜெலியும் மெழுகும் எண்ணெய்களும்தான். பிளாக்டன் தண்ணீரின் மேல் ஊற்றிய எண்ணெயை நாங்கள் தோலின் மேல் பூசுகிறோம். காசும் கொடுக்கிறோம்.

ஆனால் வியர்வையை நிறுத்துக் காசாக்கியவர்கள் முதலில் வைத்தியர்களோ வியாபாரிகளோ அல்லர், குதிரை ஓட்டுபவர்கள். நாங்கள் வாழும் இந்த நகரில் நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கு விடுமுறை விடுவதே ஒரு குதிரைப் பந்தயத்துக்காக என்பதால் இது உங்களுக்கு விளங்கும். பந்தயத்துக்கு முன் ஓட்டுபவரைச் சேணத்தோடு நிறுப்பார்கள். குறித்த நிறைக்கு மேல் இருந்தால் குதிரைக்கு நட்டம். அதனால் இங்கிலாந்தில் நியூமார்க்கெற் ஊரில் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஓட்டுபவர்கள் அங்கிக்கு மேல் அங்கியாகப் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். சூடான எருக் குவியலுக்குள் கழுத்தளவு புதைந்து கிடந்தார்கள் என்றும் கதை உண்டு. பிறகு துருக்கிக் குளியல் என்ற நீராவி அறைகள் வந்தன.

அவர்களுள் பெரியவர் பிரெட் ஆச்சர். பதின்மூன்று முறை பிரித்தானியாவின் முதன்மை ஓட்டுநர். ஓட்டிய 8,084 பந்தயங்களில் 2,748ஐ வென்றவர். அவருடைய குறை உயரம், 5 அடி 10 அங்குலம். 1886 ஒக்ரோபரில் ஒரு பந்தயத்துக்காகப் பல நாள் பட்டினி கிடந்து, நீராவி அறையில் வியர்த்து, பேதி மருந்தும் குடித்து 54 கிலோவுக்கு இறங்கினார். அப்படியும் ஒரு இறாத்தல் மேலே நின்றது. குதிரை ஒரு தலை நீளத்தில் தோற்றது. சில நாளில் காய்ச்சல் கண்டது. மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்த துயரம் ஏற்கனவே இருந்தது. நவம்பர் 8ஆம் திகதி அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 29. வியர்வைதான் அவரைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த உடம்பில் நோயைத் தாங்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

கவனியுங்கள், ஆச்சர் ஏமாறவில்லை. தான் இழப்பது தண்ணீர் என்று அந்த ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரியும். பந்தயம் முடிந்ததும் குடித்து மீட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குத் தேவையாக இருந்தது தராசுக்கு முன்னால் ஐந்து நிமிடம் மட்டுமே. இந்த முறையைக் கொழுப்புக் கரைக்கும் முறை என்று பொதுசனத்துக்கு விற்றது பின்னால் வந்த வியாபாரம்.

அதற்கு றப்பர் மலிய வேண்டியிருந்தது. பிரேசிலிலிருந்து எடுத்த விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு, ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. அங்கிருந்துதான் ஆசியாவின் றப்பர்த் தோட்டங்கள் பெருகின. மலையகத்திலும் மலாயாவிலும் விடியற்காலை மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களில் பெரும்பகுதி எங்கள் சனம் என்பதை நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்துகளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் "மருந்திட்ட றப்பர் உடைகள்" என்று விளம்பரங்கள் வந்தன. இடுப்புக்கு, கழுத்துக்கு, நாடிக்கு என்று தனித்தனியாக, போட்டுக்கொண்டு இருந்தாலே மெலியலாம் என்று. தோட்டத்தில் சம்பளம் இல்லாத மேலதிகமாக வடிந்த வியர்வையையும், அந்த றப்பருக்குள் காசு கொடுத்து வடித்த வியர்வையையும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1930களில் டியூபொண்ட் கொம்பனியின் நியோப்பிரீன் என்ற செயற்கை றப்பர் வந்தது. அத்தானின் இடுப்பில் இருந்த கறுப்புப் பட்டி அந்தச் சரக்குத்தான்.

பட்டிக்காரர் சொல்வது, இடுப்பைச் சூடாக்கினால் இடுப்புக் கொழுப்புக் கரையும் என்பது. 1971இல் அமெரிக்காவில் ரெனிஸ் விளையாடுபவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருசக் கணக்காக ஒரு கையே உழைக்கிறது, அந்தக் கையில் தசை கூடியிருக்கிறது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு இரண்டு கையிலும் ஒரே அளவு. உழைத்த கைக்கே இல்லாத சலுகை, சும்மா சூடான வயிற்றுக்கு எப்படிக் கிடைக்கும்? பட்டியைக் கழற்றியதும் இடுப்பு சிறுத்திருப்பது இறுக்கத்தாலும் நீர் விலகியதாலும்தான். சிறிது நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

இப்போது அத்தானின் ஒன்றரைக் கிலோவை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 80 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால் ஏறக்குறைய 300 கிலோகலோரி செலவாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7,700 கிலோகலோரி அளவில் இருக்கிறது. செலவு முழுவதும் கொழுப்பிலிருந்தே போனது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கரைந்தது 40 கிராம். மிச்சம் 1,460 கிராமும் தண்ணீர். அக்கா ஒரு செம்பு தண்ணி கொடுத்தால் திரும்பி வரும். காசேட்டில் போய்வருகிற சில்லறையை மூலதனக் கணக்கில் எழுதியதுதான் இங்கே நடந்த பிழை.

அந்த 40 கிராமாவது வியர்வையாகப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. 2014இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றூபன் மீர்மன், அன்றூ பிறவுண் என்ற இருவர் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் இந்த ஐந்தொகையைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்புக் கரைந்தால் அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சோடு போகிறது, 1.6 கிலோ மட்டுமே நீராகிறது. கொழுப்பு எங்கே போகிறது என்று வைத்தியர்கள், உணவு ஆலோசகர்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரைக் கேட்டதில் பெரும்பாலானோர் தவறான விடை சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். லவோசியே போய் 220 வருசம்!

தவறான கணக்கின் விலை எவ்வளவு என்பது 1997இல் தெரிந்தது. அந்த வருசம் நவம்பர் 7க்கும் டிசம்பர் 9க்கும் இடையில், அமெரிக்காவில் வட கரோலினா, விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்களில் மூன்று பல்கலைக்கழக மல்யுத்த மாணவர்கள் இறந்தார்கள். வயது 19, 22, 21. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மூவரும் நிறைப் பிரிவுக்குள் வருவதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து, ஆவி போகாத உடுப்பைப் போட்டு, அதற்கு மேல் பருத்தி உடுப்பும் போட்டு, சூடான இடத்தில் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள். வியர்வை வடிந்துகொண்டே இருந்தது, ஆவியாக இடமில்லை. இரத்தத்தில் நீர் குறைந்தது, உடம்பு கொதித்தது, இதயம் நின்றது. பிளாக்டனின் எண்ணெய் ஊற்றிய பாத்திரம்.

நல்ல தேகபலமுள்ள, பயிற்சியாளர் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அவர்கள். 1998 ஜனவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் மல்யுத்தத்தில் இந்த உடுப்புகளையும் நீராவி அறைகளையும் நிறை குறைக்கப் பயன்படுத்தக்கூடாது என்று தடைசெய்தது. நிறுக்கும் நேரத்தையும் போட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்தது, இடையில் குடித்து மீள நேரம் இல்லாமல் செய்வதற்காக. எங்கள் பிள்ளைகளிலும் குத்துச்சண்டை, மல்யுத்தம், யூடோ என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் அவர்களுடைய விளையாட்டுப் பையை ஒருமுறை திறந்து பார்ப்பதில் வெட்கம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சூட்டில் பயிற்சி செய்வதால் பலனே இல்லை என்பது சரியல்ல. 1920களில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் ஆழத்தில் தொழிலாளர் சூட்டுத் தாக்கத்தால் இறந்தார்கள். 1930களில் புதியவர்களைச் சூட்டுக்குப் படிப்படியாகப் பழக்கி இறக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு கிழமைகளில் உடம்பு பழகிக்கொள்கிறது. வியர்வை முந்தியே தொடங்கும், அதில் உப்புக் குறையும், இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும். சூடான நாடுகளில் போட்டிக்குப் போகும் வீரர்கள் இன்று இதைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள். வியர்வை உடுப்பால் இந்தப் பழக்கம் வருமா என்று சில சிறிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன, ஓரளவு வரும் என்கின்றன. ஆனால் அது சூட்டுக்குப் பழகும் கணக்கு, கொழுப்புக் கணக்கு அல்ல. அதையும் தண்ணீர் குடித்து, ஆள் வைத்துச் செய்கிறார்கள், கராஜுக்குள் தனியே அல்ல. உடம்பின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே களைப்பு முந்திவிடும். 80 கிலோக்காரருக்கு அது 1.6 கிலோ. ஆகவே உடுப்புப் போட்டவர் கூடுதலாக வியர்க்கிறார், குறைவாக நடக்கிறார்.

அத்தானைப் பார்த்த வைத்தியர் முதலில் கேட்டது குளிசைகளைத்தான். பிறசர் குளிசைகளில் சில உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுபவை. சீனிக்கான சில புதிய குளிசைகளும் அப்படியே. அதற்கு மேல் உடுப்புப் போட்டு வியர்ப்பது, ஏற்கனவே காசெடுக்கிற கணக்கில் இன்னொருவரும் காசோலை எழுதுவது போல. இந்தக் குளிசைகள் எடுப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்தப் பொருட்களைத் தொடவேண்டாம் என்று இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அளக்கத்தான் வேண்டுமென்றால் தராசை விட்டு அளவுநாடாவை எடுங்கள். தென்னாசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80க்கும் கீழே இருப்பது நல்லது என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005ஆம் ஆண்டளவில் வரையறுத்தது. வெள்ளைக்கார ஆண்களுக்கு அது 94. எங்களுக்குக் குறைவான இடுப்பிலேயே சீனி வந்துவிடுகிறது. காலையில், பட்டி கட்டாமல், மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்கவேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

அத்தான் இப்போது காலையில் பருத்தி பெனியனோடு ஓடைக்கரையால் நடக்கிறார். சில நாட்களில் நானும் போகிறேன். முந்தி 106ஆக இருந்த இடுப்பு இந்தப் பொங்கலுக்கு 101. சோற்றுக் கோப்பையைச் சிறிதாக்கிய அக்காவின் பங்கு அதில் பாதி என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அந்த வெள்ளி உடுப்பு என்னாயிற்று என்று கேட்டேன். பின்வளவில் எலுமிச்சங்கன்று நிற்கிறது. குளிர்காலப் பனிக்கு இரவில் அதைப் போர்த்திவிடுகிறாராம்.